வயதேறாத அப்பா

1995 ஒக்டோபர் 9ஆம் திகதி தொடங்கிய வாரம், அமெரிக்காவில் ஒரு விண்வெளித் தொடரின் அங்கம் ஒளிபரப்பானது. அதில் கப்பல்கள் மோதிக்கொள்ளவில்லை. எதிரி என்று எவருமில்லை. மழை விடாமல் பெய்யும் இரவில், தனியே வாழும் ஒரு கிழவர் கதவைத் தட்டிய இளம்பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். தொடரின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’. அங்கத்தின் பெயர் ‘தி விசிட்டர்’. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த அங்கங்களை வரிசைப்படுத்தும்போது இன்றும் இது முன்னால் வந்து நிற்கிறது.

அந்த ஒக்டோபரில் மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலும் இதை எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஏப்ரலில் போர் மறுபடி மூண்டிருந்தது. வந்தாறுமூலையில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அடுத்த ஊருக்குப் போன பிள்ளை பொழுதுபட முன்னர் திரும்புமா என்பதே வாவியின் இரு புறமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அன்றாடக் கவலை. நான் இந்த அங்கத்தைப் பார்த்தது மிகப் பிந்தி, கணினித் திரையில். பார்த்து முடித்ததும், எங்கள் ஊர் அம்மா ஒருத்தியின் திண்ணையில் இருந்து கேட்டவர் எழுதியதோ என்று தோன்றியது. எழுதியவருக்கு எங்கள் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. பிறகு இது எங்கே, எப்படிப் பிறந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கதை. பென்ஜமின் சிஸ்கோ ஒரு விண்வெளி நிலையத்தின் தளபதி. மனைவியைப் போரில் இழந்தவர், மகன் ஜேக்கைத் தனியாளாக வளர்க்கிறார். ஜேக்குக்குப் பதினெட்டு வயது, எந்நேரமும் எழுத்து. அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை மட்டும் தெரியும் ஒரு விண்காட்சியைக் காட்டுவதற்காக, எழுதிக்கொண்டிருந்தவனை அப்பா வற்புறுத்திக் கப்பலில் கூட்டிப்போகிறார். இயந்திர அறையில் விபத்து நேர்கிறது. மகன் பார்த்துக்கொண்டிருக்கவே அப்பா இல்லாமல் போகிறார். அஞ்சலிக் கூட்டமும் நடந்து முடிகிறது. பிறகு ஓர் இரவு, அறைக்குள் அப்பா நிற்கிறார். சில கணங்கள்தான். மறுபடியும் இல்லை.

அவர் சாகவில்லை. காலத்துக்கு வெளியே எங்கோ அகப்பட்டிருக்கிறார். விபத்தின்போது அருகில் நின்ற மகனோடு ஏதோ ஒரு கயிறு அவரைக் கட்டி வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் இடைவெளி விட்டு அந்தக் கயிறு அவரை மகனிடம் இழுத்து வரும், சில நிமிடம் நிற்கவிடும், பிறகு பறித்துக்கொண்டு போகும். மகனுக்குப் பதினைந்து வருடம் போயிருக்கும். அப்பாவுக்கு அது கண்ணை மூடித் திறந்த நேரம். அவருடைய தலையில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை.

ஜேக் மணம் முடிக்கிறான், புத்தகம் எழுதுகிறான், பரிசும் வாங்குகிறான். அப்பா மறுபடி ஒரு நாள் வீட்டு நடுவில் வந்து நின்று, மருமகளைக் கண்டு மகிழ்ந்து மறைந்த பின்னர், எழுத்தை அப்படியே விட்டுவிட்டு விஞ்ஞானம் படிக்கப் போகிறான். தகப்பனை மீட்கும் வழியைத் தவிர வேறு எதுவும் அவன் மண்டையில் இல்லை. மனைவி விலகிப் போகிறாள். முதிர்ந்த வயதில் அதே கப்பலை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய், அதே விபத்தை மறுபடி உண்டாக்கப் பார்க்கிறான். அப்பாவை மீட்க முடியவில்லை. ஆனால் காலம் ஓடாத அந்த இடத்தில் இருவரும் கொஞ்சநேரம் கதைக்கிறார்கள். தன் பிள்ளை தன்னைவிடக் கிழவனாகி, மனைவியும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் நிற்பதைப் பார்த்து அப்பா உடைந்துபோகிறார். என்னை விட்டுவிடு, உன் வாழ்க்கையைப் பார் என்று மன்றாடுகிறார். கடைசியில் ஜேக் கண்டுபிடிப்பது இதுதான்: கயிற்றின் ஒரு முனை தன்னிடம் இருக்கிறது. அப்பா வந்து நிற்கும் வேளையில் தன் உயிர் போனால் கயிறு அறும், அவர் விபத்து நடந்த கணத்துக்கே திரும்புவார். அந்த மழை இரவு, அவர் வரவிருக்கும் இரவு.

எழுதியவர் மைக்கல் டெய்லர். தொலைக்காட்சிக்கு அதற்கு முன்னர் எதையும் எழுதி ஒளிபரப்பாகாதவர். தொடரின் எழுத்தாளர் குழுவில் அவருக்கு இடமில்லை. வெளியே இருந்து கதை சொல்ல வந்த ஒருவர். அப்படிப்பட்டவரின் கதை எப்படி உள்ளே போனது என்பதற்கு ஆறு வருடம் பின்னால் போகவேண்டும்.

1989இல் ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எழுத்துப் பொறுப்பு மைக்கல் பில்லரிடம் வந்தபோது, குழு கலைந்து கிடந்தது, கையில் கதைகளே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகவர் இல்லாதவருடைய எழுத்தைப் பிரித்தும் பார்ப்பதில்லை, வழக்கு வந்துவிடும் என்ற பயம். பில்லர் அந்த வழமையை மீறினார். யாரும் அனுப்பலாம், ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும் என்றார். அந்த வாசலால் உள்ளே வந்தவர்களைப் பாருங்கள். ரொனால்ட் டி. மூர் என்ற இளைஞர் எழுதிய ‘தி பொண்டிங்’, பணியில் தாய் இறந்துபோக அநாதையாக நிற்கும் சிறுவனின் கதை. ரெனே எச்செவாரியாவின் ‘தி ஒஃப்ஸ்ப்ரிங்’ 1990இல் வந்தது. அது, டேட்டா என்ற இயந்திர மனிதன் தனக்கென ஒரு மகளைச் செய்து, அவளைப் பறிகொடுக்கும் கதை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்கிறது. விண்கலம், வேற்றுக்கோள், லேசர்த் துப்பாக்கி எல்லாம் கையில் கிடைத்தும், வெளியே நின்றவர்கள் கொண்டுவந்தது பெற்றோர் பிள்ளை கதைகளைத்தான். தொழிலுக்கு எழுதிப் பழகியவர் பாத்திரத்தை அடுத்த வாரமும் உயிரோடு வைத்திருக்கவேண்டும் என்று கணக்குப் பார்ப்பார். வீட்டில் இருந்து ஒரே ஒரு கதையை எழுதி அனுப்புகிறவருக்கு அந்தக் கணக்கில்லை. தன்னிடம் உள்ள ஆகக் கனமானதைத்தான் அவர் எடுத்துவைப்பார். டெய்லர் வந்தபோது மூரும் எச்செவாரியாவும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ குழுவின் உள்ளே இருந்தார்கள். தாங்கள் வந்த வாசலால் இன்னொருவர் வருவதை அவர்கள் அடையாளம் கண்டிருக்க வேண்டும். டெய்லரின் பிரதியைத் திருத்தி எழுதும் வேலையில் எச்செவாரியா கைகொடுத்தார். ஆனாலும் எழுதியவர் என்று திரையில் டெய்லரின் பெயர் மட்டும்தான் வருகிறது.

டெய்லரின் மனதில் முதலில் விழுந்தது அப்பாவும் அல்ல, காலப்பயணமும் அல்ல. ஜே. டி. சாலிஞ்சர் என்ற அமெரிக்க எழுத்தாளர், புகழின் உச்சியில் நியூ ஹம்ப்ஷயரின் ஒரு சிற்றூரில் போய் ஒதுங்கிக்கொண்டார். 1965க்குப் பின்னர் எதையும் வெளியிடவில்லை, 2010இல் இறக்கும்வரை. அவரைத் தேடிப்போய்ப் பேட்டி கண்ட பள்ளி மாணவர் பற்றிய கதை ஒன்றுண்டு. ஓர் இளையவர், எழுதுவதை நிறுத்திவிட்ட பெரிய எழுத்தாளரின் வாசலில் போய் நின்று, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார். டெய்லர் பிடித்துக்கொண்டது இந்த வாசலைத்தான். ஏன் நிறுத்தினார் என்ற கேள்விக்கு விடை தேடிப்போன இடத்தில்தான் அப்பா கிடைத்தார். கதையின் கட்டமைப்பைப் பார்த்தால் இந்தப் பிறப்பு வரிசை தெளிவாகத் தெரியும். மெலனி என்ற அந்தப் பெண் மழையில் வந்து கேட்பதும் அதே கேள்வி. காலப்பயணம் விடைக்குள் ஒளிந்திருக்கிறது. காலப்பயணத்தில் தொடங்கி எழுதியிருந்தால், ஐயோ, கருவிகளையும் விதிகளையும் விளக்கியே நேரம் போயிருக்கும்.

டேவிட் லிவிங்ஸ்டன் இயக்கினார். கிழவன் ஜேக்காக யார் நடிப்பது என்பது பெரிய பாடாக இருந்திருக்க வேண்டும். மகனாக வழமையாக நடித்த சிரோக் லொஃப்டனுக்குப் பதினேழு வயது. ஒப்பனை போட்டு அவரையே கிழவனாக்க முடியாது என்று முடிவெடுத்து, டோனி டொட்டைக் கூப்பிட்டார்கள். ‘கேண்டிமேன்’ என்ற திகில் படத்தில் கொக்கிக் கையோடு வந்து பலரை நித்திரையில்லாமல் ஆக்கியவர், ஆறரை அடி உயரம், இடி மாதிரிக் குரல். அந்த மனிதர் இங்கே முப்பதுகளில் ஒரு ஜேக்காகவும் எழுபது தாண்டிய ஒரு ஜேக்காகவும் கரைந்துபோகிறார். டொட்டைத் தாயாக நின்று வளர்த்தவர் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். படப்பிடிப்புக்குச் சில மாதம் முன்னர்தான் அவர் காலமாகியிருந்தார். அந்தத் துக்கத்தைக் கொண்டுதான் இந்தப் பாத்திரத்தைச் செய்தேன் என்று டொட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2024 நவம்பரில் டொட்டும் போய்விட்டார்.

அப்பாவாக நடித்த ஏவரி புரூக்ஸைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த அங்கத்தின் ஈரம் அவரிடமிருந்து வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர். ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றுக்குத் தலைமைப் பாத்திரமான முதல் கறுப்பினத்தவர். அமெரிக்கத் திரையில் கறுப்பினத் தகப்பன் என்றால் பெரும்பாலும் வீட்டில் இல்லாதவன், பிள்ளையை விட்டுவிட்டுப் போனவன். மகனைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிற, அவனுக்குச் சமைத்துப் போடுகிற ஒரு கறுப்பினத் தகப்பனைக் காட்டலாம் என்பதே இந்தப் பாத்திரத்தில் புரூக்ஸுக்குப் பெரிதாகப் பட்டது. 1993இல் தொடர் தொடங்கியபோது லொஃப்டனுக்குப் பதினான்கு வயது. படப்பிடிப்பு இல்லாத நேரத்திலும் புரூக்ஸ் தனக்குத் தகப்பனாக நின்றார் என்று லொஃப்டன் இன்றும் சொல்கிறார். இரண்டரை வருடம் பக்கத்திலேயே இருந்த உறவு அது. அதைக் கொண்டுபோய் ஒரு மணிநேரக் கதைக்குள் வைத்துப் பறித்ததால்தான் பார்ப்பவர் கலங்குகிறார். மெலனியாக வருபவர் ரேச்சல் ரொபின்சன். அதே தொடரில் கெராக் என்ற தையற்காரராக வந்த ஆண்ட்ரூ ரொபின்சனின் மகள் அவர்.

1999 ஜூனில் தொடர் முடிந்தபோது நடந்ததையும் சேர்த்துத்தான் இந்தப் பிறந்த கதையைப் பார்க்கவேண்டும். கடைசி அங்கத்தில் சிஸ்கோ, கர்ப்பிணியான மனைவியை விட்டுவிட்டுக் காலத்துக்கு அப்பாலுள்ள தெய்வங்களிடம் போய்விடுவதாக எழுதியிருந்தார்கள். புரூக்ஸ் யோசித்துப் பார்த்துவிட்டு மறுப்புச் சொன்னார். இன்னொரு கறுப்பினத் தகப்பன் பிள்ளையை விட்டுவிட்டுப் போனான் என்று ஆகிவிடும் என்றார். அந்தக் காட்சியை மாற்றினார்கள். நான் திரும்பி வருவேன் என்று சிஸ்கோ சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வாக்குறுதிக்காக ஒரு நடிகர் நின்று வாதாடியிருக்கிறார்.

1996இல் அறிபுனைக்கான ஹியூகோ விருதுக்கு ‘தி விசிட்டர்’ பரிந்துரையானது. விருது ‘பாபிலோன் 5’ தொடருக்குப் போனது. டெய்லர் பின்னர் இதே தொடருக்கு வேறு அங்கங்களும் எழுதி, முழுநேரத் தொலைக்காட்சி எழுத்தாளரானார்.

பெற்றோரும் பிள்ளையும் காலத்தில் தவறிப்போவது பழைய கதை. பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன், மகள் ரேவதிக்கு ஏற்ற மாப்பிள்ளை யார் என்று கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறான். அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கிறது, முடியட்டும் என்று காத்திருக்கிறான். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் கடந்துவிடுகிறது. நீ நினைத்து வைத்த மாப்பிள்ளைகளும் இல்லை, அவர்களுடைய பேரன்மாரும் இல்லை என்று பிரம்மன் சொல்கிறார். ஆனாலும் அந்தக் கதையில் துயரம் இல்லை. காரணம், அப்பாவும் மகளும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். உலகம் முழுவதும் போனாலும் அவர்களுக்குள் ஒரு நிமிட வித்தியாசமும் இல்லை. 2005இல் பிரித்தானியாவின் ‘டொக்டர் ஹூ’ தொடருக்குப் போல் கோர்னெல் எழுதிய ‘ஃபாதர்ஸ் டே’யில், மகள் 1987க்குப் போய் விபத்தில் சாகவிருந்த தகப்பனைக் காப்பாற்றிவிடுகிறாள். உலகம் குலைகிறது, தகப்பன் தானாகவே சாகப் போகிறார். தமிழில் ஸ்ரீ கார்த்திக் இயக்கிய ‘கணம்’ 2022இல் வந்தது. அதில் மகன் அம்மாவைத் தேடி 1998க்குப் போகிறான், அம்மாவாக அமலா. இவையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வரும் கதைகள். ‘தி விசிட்டர்’ மட்டும் காத்திருக்கும் கதை. ஜேக் காலத்தில் எங்கேயும் பயணம் போகவில்லை. ஒவ்வொரு நாளாக, மற்றவர்களைப்போல, கிழவனாகிறான்.

எங்கள் ஊர்க் கூத்துக் களரிகளுக்கும் இந்த வலி தெரியும். ‘பதின்மூன்றாம் போர்’ வடமோடிக் கூத்தில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் மாட்டிச் சாகிறான். அருச்சுனன் வேறொரு முனையில் நிற்கிறான். பொழுதுபட்டுத் திரும்பி வந்து கேட்கும்போதுதான் தகப்பனுக்கு எல்லாம் தெரிகிறது. விடிய விடியப் பார்த்த சனத்தில், அந்தக் கட்டத்தில் அழாத தாய்மாரை நான் கண்டதில்லை.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் பிரித்தெடுத்து, பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் எவரும் திரும்பவில்லை. அது ஓர் இடம், ஒரு நாள். வாவியைச் சுற்றி அதற்கு முன்னரும் பின்னரும் நடந்தவை இன்னும் பல. அன்று பத்தொன்பது வயது மகனைக் கொடுத்த நாற்பது வயதுத் தாய்க்கு இப்போது எழுபத்தைந்து. மகனுக்கு இன்னும் பத்தொன்பது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டு வைத்திருக்கிறாள், அரும்பு மீசையோடு. மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில், காணாமலாக்கப்பட்டோர் நாளான ஓகஸ்ட் 30ஆம் திகதி நிற்கும் தாய்மாரின் கைகளில் உள்ள படங்களைப் பாருங்கள், பேரன்மாரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலத் தோன்றும். ஜேக்கின் கதையில் வயதேறாமல் நின்றது அப்பா. எங்களிடம் நின்றது பிள்ளை.

காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 1994இல் அமைத்த ஆணைக்குழுவுக்கு இந்தத் தாய்மாரின் ஒரு முறைப்பாடு. பிறகு கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு. 2016இல் சட்டமாகிய காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் அதே கதையை முதலில் இருந்து சொல்லவேண்டும், அதே படத்தின் இன்னொரு பிரதி கொடுக்கவேண்டும். நடுவில் சில அதிகாரிகள் சொல்வார்கள்: இவ்வளவு காலமாகிவிட்டது அம்மா, மரணச் சான்றிதழை எடுங்கள், நட்டஈடு வரும், இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். இறந்ததாகச் சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம். ஆனால் சட்டம் இருந்தும் அந்த அறிவுரை நிற்கவில்லை.

‘தி விசிட்டர்’ எனக்குள் வேலை செய்தது இந்த இடத்தில்தான். தேடுவதை விடு, வாழு என்று ஜேக்கிடம் பலர் சொல்கிறார்கள், நண்பர்கள், மனைவி. அவன் கேட்கவில்லை. காணாமற்போன தகப்பன் நேரில் நின்று சொன்ன பிறகுதான் மறுபடி எழுதத் தொடங்குகிறான். டெய்லரும் எச்செவாரியாவும் இதைத் தெரிந்து எழுதினார்களோ இல்லையோ, ஆழமான நீதி ஒன்றைக் கதையின் நடுவில் வைத்துவிட்டார்கள்: அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை, தேடப்படுகிறவருக்கு மட்டுமே உண்டு. அரச அலுவலகத்தின் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது கிடையாது. கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு ஒருபோதும் கிடையாது. கதையின் கடைசிப் பகுதி, மகன் தன்னையே கொடுத்துத் தகப்பனை மீட்பது, எனக்கு முழுச் சம்மதமில்லை. எங்கள் தாய்மாரில் பலர் பதிலே கிடைக்காமல் இறந்துபோனார்கள், அதனால் எவரும் திரும்பி வந்துவிடவில்லை. தன்னைக் கொடுத்தால் பிள்ளை வரும் என்றால், 1990இலேயே இந்தக் கரையில் வரிசை நின்றிருக்கும்.

இப்போது வாவிக்கரையில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கையில் கமரா இருக்கிறது. பில்லர் திறந்துவிட்டதுபோல ஒரு வாசல் அவர்களுக்கும் வேண்டும். ஒரு தொலைக்காட்சி, மாதம் ஒரு மணிநேரம், யாரும் அனுப்பலாம் என்ற ஓர் அறிவிப்பு போதும். அப்படி ஒரு வாசல் திறந்தால் முதலில் வரவேண்டிய கதை எனக்குத் தெரியும். சில வருடத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், பத்தொன்பது வயது மகன் வந்து நிற்கிறான். அவன் போட்டிருப்பது அன்று போட்ட அதே சேட். ஒரு தடவை அம்மா நெல்லுக் காயவைக்கிறாள். இன்னொரு தடவை ஆணைக்குழுவுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறாள். பிறகு ஒரு தடவை கண் தெரியாமல் குரலை வைத்துப் பிடிக்கிறாள். சோறு போட்டு அவன் கை வைப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அவனுக்கு எல்லாம் ஒரே நாள். அம்மாவின் தலை ஒவ்வொரு தடவையும் வெளுத்திருப்பதைப் பார்த்து, போதும் அம்மா, என்னைத் தேடாதே என்று அவன் சொல்லலாம், அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் எழுதினால், அவள் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கமாட்டாள். உன்னை ஏற்றிய பஸ் எங்கே போனது, அதை முதலில் சொல்லு மகன் என்று கேட்பாள்.